மஞ்சள் கட்டத்தில் இரண்டு நிமிடம்

உங்கள் டோக்கன் எத்தனை மேடம்? அறுபத்திரண்டா? என்னுடையது ஐம்பத்தேழு. இப்போதுதான் நாற்பத்தொன்பது போயிருக்கிறது. பத்து மணிக்கு வந்தால் பத்தரைக்கு முடிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தேன். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுகிறது. இப்படி வாருங்கள்.

உங்களுக்கு அபராதம் எதற்காக வந்தது? நிறுத்தக் கோடா? ஸ்கூட்டரா, காரா? ஸ்கூட்டர். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருக்கும். தாண்டவில்லை என்பீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தப்பாக நினைக்காதீர்கள், தாண்டியிருப்பீர்கள். கேமராவுக்கு உங்கள் மேல் என்ன பகை? என் விஷயம் வேறு. என் விஷயத்தில் கேமரா பார்த்தது பாதிதான். மீதியைப் பார்க்காமலே அபராதம் போட்டுவிட்டது.

மில் கேட் சந்திப்பு தெரியுமல்லவா? நாலு ரோடும் சேருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களே, அந்தக் கட்டம். அதற்குள் வண்டி நிற்கக் கூடாது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர இடம் இருந்தால்தான் உள்ளே நுழைய வேண்டும். பச்சை விழுந்திருந்தாலும் சரி, இடம் இல்லையென்றால் இந்தப் பக்கமே காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இது போன மாசியில் கேமரா வைத்த பிறகுதான் தெரியும். நான் இருபது வருஷத்துக்கு முன்பே கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸால் வரைந்து காட்டியவன். பையன்கள் சிரிப்பார்கள். "சார், நம்மூர்ல இதெல்லாம் எங்க சார் இருக்குது?" "வரும்டா, இரு" என்பேன். வந்தது. வந்ததும் என் வண்டியைப் பிடித்தது.

சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மருந்துக் கடைக்கு மாடியில். பார்த்திருப்பீர்கள். நான்தான் சென்னியப்பன். முப்பத்தொரு வருஷம். நாலாயிரம் பேர் இருப்பார்கள் என்னிடம் கற்றவர்கள். இங்கே இரண்டாவது கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரர்கூட என்னிடம் கற்றவர். என்னைப் பார்த்ததும் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் என் பெயரில் ஒரு துண்டுச்சீட்டு வந்ததில்லை மேடம். இப்போது போனில் செய்தி வருகிறது, தட்டினால் போட்டோ வருகிறது. என் வண்டி, மேலே என் ஸ்கூல் பெயர், பின்னால் எல் போர்டு. மஞ்சள் கட்டத்துக்கு நட்டநடுவில். அன்றைக்கு அந்த சிக்னலில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அன்றைக்கு ஓட்டியது நான் இல்லை. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஓட்டியது என் வீட்டுக்காரி.

டிரைவிங் ஸ்கூல் வண்டி எப்படி இருக்கும் என்று தெரியுமா? வலப்பக்கம் ஓட்டுகிறவருக்கு இருக்கிற மாதிரியே இடப்பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நாங்கள் இடப்பக்கம் உட்காருவோம். கற்றுக்கொள்கிறவர் பதறினால் நாங்கள் மிதிப்போம். சில பேர் பொளேரென்று மிதிப்பார்கள். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கில் போய் முட்டிக்கொள்வான், அதோடு அவனுக்குத் தைரியம் போய்விடும். நான் அப்படி மிதிக்க மாட்டேன். கால் போனதே தெரியாது. வண்டி தானாகத் தணிந்து நிற்கும். ஓட்டுகிறவன் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு, "பாத்தீங்களா சார், கரெக்டா நிறுத்திட்டேன்" என்பான். "சபாஷ்" என்பேன். நாலாயிரம் பேரில் எத்தனை பேர் இன்னமும் அப்படி நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார்களோ. இதைச் சொல்லிக் காட்டி நான் யாரையும் மட்டம் தட்டியதில்லை. அது என் தொழில்.

சாந்தாமணி, என் வீட்டுக்காரி, என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை. அது தனிக் கதை. தொண்ணூற்றெட்டில் ஒருதரம் கேட்டாள். காலையில் ஐந்தரைக்கு ரயில்வே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நாலு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னடி என்றேன். "நீங்களே ஓட்டிக்குங்க. ரெண்டு சீட்லயும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க" என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. நான் ஒரு சீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன்?

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் பேச்சில்லை. போன வருஷம் தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். சர்க்கரைக்கு நல்லது, போகட்டும் என்று விட்டேன். ஒருநாள் தபால்காரர் கவர் கொடுத்தார். லைசென்ஸ் கவர். ஏதோ மாணவனுக்கு வந்தது என்று கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். பிரித்தால் அவள் போட்டோ.

எங்கே போய்க் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு தெரு தள்ளி நஸீமா பானு வைத்திருக்கிற ஸ்கூலில். அந்த நஸீமாவே என்னிடம் கற்றவள் மேடம். ஊர் சிரிக்காதா? சென்னியப்பன் சம்சாரம் நஸீமாகிட்டப் போய்க் கத்துக்கிச்சாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க வந்து பக்கத்துல உக்காந்திருப்பீங்க" என்றாள். உட்காராமல்? மனைவி முதன்முதலாக ரோட்டுக்குப் போகும்போது புருஷன் பக்கத்தில் உட்காராமல் பால்கனியில் நின்று கையாட்டுவானா?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சிரியுங்கள்.

ஐம்பத்தொன்று. இன்னும் ஆறு பேர்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று வாரம் வண்டி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாம் நாள் கண்ணைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஆட்டோ கூப்பிடு என்றேன். சாந்தாமணி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். "நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க." பின்னாலா? எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கமே இல்லை. முன்னால் இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன். கருப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். ஒரு கண்ணில் எல்லாம் பாலாடை படிந்த மாதிரி தெரிந்தது.

நன்றாகத்தான் ஓட்டினாள். பொய் சொல்லக் கூடாது. மேம்பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டாள், பிரேக்கை நம்பவில்லை. நஸீமா அதை என்னிடம்தான் கற்றிருப்பாள். நான் ஒன்றும் பேசவில்லை. "லாரி வருது" என்றேன் ஒருதரம். "தெரியுது" என்றாள். "ஹாரன் அடி" என்றேன். "எதுக்கு?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மில் கேட்டுக்கு வந்தோம். பச்சை. அவள் கட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் தணித்தாள். எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், தலை திரும்பியதை நான் பார்த்தேன். அப்புறம் உள்ளே விட்டாள். எனக்கு என்னவோ எதிரே ஒரு பஸ் நிற்பது மாதிரி இருந்தது. பச்சையாக, பெரிதாக. போட்டோவில் பஸ் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். எதிரே ரோடு காலியாக இருக்கிறது. அது வேறு. வண்டி நின்றுவிட்டது. கட்டத்துக்கு நடுவில்.

"பாத்தியா? நிறுத்திட்ட" என்றேன்.

"நான் நிறுத்தல. காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"உங்க காலை. எடுங்க, நான் போறேன்."

"என் கால் எதுலயும் இல்ல. ஆஃப் ஆயிருச்சு பாரு, கிளட்ச் விட்டிருப்ப."

பின்னால் ஹாரன். சிக்னல் மாறிவிட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து எங்களைச் சுற்றி நின்றுவிட்டன. ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஐயா, எல் போர்டு! கிளாஸ வேற எங்கயாச்சும் எடுங்க!" என்று கத்தினார். ஜனங்கள் சிரிக்கிறார்கள். என் ஸ்கூல் பெயர் மேலே இருக்கிறது.

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். "ஒரே ஒருதரம் சொல்லுங்க. காலை வச்சிருந்தேன்னு சொல்லுங்க. நான் ஸ்டார்ட் பண்ணி எடுத்துர்றேன்." நடு ரோட்டில், அத்தனை ஹாரனுக்கு நடுவில், இதுவா பேச்சு? "நீ நிறுத்துனதுக்கு நான் ஏன் சொல்லணும்?" என்றேன்.

கைபிரேக்கைப் போட்டாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கதவைத் திறந்தாள், இறங்கினாள், சத்தம் வராமல் சாத்தினாள். வண்டிகளுக்கு நடுவில் கையைக் காட்டிக்கொண்டே நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் ஒற்றைக் கண்ணோடு இந்த சீட்டிலிருந்து அந்த சீட்டுக்கு, கியரைத் தாண்டி, வேட்டி வேறு மாட்டிக்கொண்டு... இரண்டு நிமிடம் பதினோரு வினாடி. கேமரா அதை மட்டும் சரியாக எண்ணியிருக்கிறது. முதல் போட்டோவில் அவள் இருக்கிறாள். இரண்டாவது போட்டோவில் அந்த சீட் காலி. இடப்பக்கம் நான் மட்டும், கருப்புக் கண்ணாடியோடு. அந்த இரண்டாவது போட்டோவைப் பார்க்கவே முடியவில்லை மேடம்.

பத்தொன்பது நாள் ஆகிறது. பல்லடத்தில் மகள் சுகன்யா வீட்டில் இருக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அடுத்த நாள் வந்து துணியை எடுத்துக்கொண்டு, எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டுத்தான் போனாள். சுகன்யா தினமும் போன் செய்வாள்.

"அப்பா, ஒரு வார்த்தை. 'நான்தான் மிதிச்சேன்'னு அம்மாகிட்டச் சொல்லுங்க. இப்பவே பையை எடுத்துட்டுக் கிளம்பிரும்."

"மிதிக்காததை எப்படிம்மா சொல்றது?"

"அப்பா..."

"என்ன அப்பா? போலீஸ்ல முழு வீடியோ இருக்குது. எழுதிக் குடுத்து வாங்கறேன். போட்டுப் பாப்போம்."

"வீடியோல கால் தெரியாதுப்பா."

தெரியாது. ஆனால் முழுசாகப் பார்த்தால் ஏதாவது தெரியும். வண்டி குலுங்கியதா, தணிந்து நின்றதா என்று தெரியும். கிளட்ச் விட்டு ஆஃப் ஆனால் குலுங்கும். முப்பத்தொரு வருஷம் பார்த்தவனுக்கு ஒரு பார்வை போதும். அதனால்தான் அபராதத்தைக் கட்டாமல் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். அந்த வீடியோ கையில் வந்தால் பல்லடத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போவேன். அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வரட்டும்.

ஐம்பத்தேழா? என்னைத்தான். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம், வந்துவிடுகிறேன்.

*

இல்லை மேடம், தண்ணீர் வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

கேஸ் முடிந்துவிட்டதாம்.

முதல் கவுண்டரில் இருந்த போலீஸ்காரம்மா நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது திங்கக்கிழமையே முடிஞ்சிருச்சே" என்றது. என்ன முடிந்தது என்றேன். "வண்டி ஓட்டுனவங்களே வந்து எழுதிக் குடுத்துட்டாங்க. அபராதமும் கட்டிட்டாங்க. சாந்தாமணி. உங்க வீட்டுக்காரங்கதானே?" ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டியது. அவள் கையெழுத்து. மளிகைச் சீட்டு எழுதுகிற அதே எழுத்து. 'வண்டியை ஓட்டியது நான். கட்டத்துக்குள் நிறுத்தியது நான். ஆட்சேபணை இல்லை.' கீழே கையெழுத்து.

வீடியோ என்றேன். முடிந்த கேசுக்கு வீடியோ கொடுக்க மாட்டார்களாம்.

யாரோடு வந்தாள் என்று கேட்டேன். "தனியாத்தான் வந்தாங்க. மக கார்லயாம். உள்ள விடலாமான்னு கேட்டாங்க. அந்த ஜீப்புக்கும் மரத்துக்கும் நடுவுல ரிவர்ஸ்ல விட்டாங்க பாருங்க, எங்க டிரைவரே எந்திரிச்சு நின்னு பாத்தாரு." இதை என்னிடம் சொல்கிறது அந்தப் பெண், ஏதோ நல்ல செய்தி மாதிரி. அங்கே பாருங்கள், ஜன்னல் வழியாகத் தெரிகிறதே, அந்த மரம்தான். அந்த இடத்தில் நான்கூட இரண்டுதரம் எடுத்து விடுவேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ரசீது வாங்கிட்டு, இனி இதப் பத்தி யாராச்சும் எங்கிட்ட ஏதாச்சும் கேப்பாங்களான்னாங்க. கேக்க மாட்டோம்மான்னேன். அப்ப எனக்கும் யாருகிட்டயும் கேக்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றது.

நேற்று சுகன்யா பேசினாள். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. "அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா. அது நல்லாத்தான் இருக்குது" என்றாள். சாப்பிட்டீர்களா என்றாள். வைத்துவிட்டாள். ஏன் என்று நேற்றுப் புரியவில்லை.

ஆனால் அது பொய் மேடம். அவள் எழுதிக் கொடுத்தது. அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எழுதின பொய். இப்படி ஒரு பொய்யை எழுதுவாளா? கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. நடக்கப் போகிறேன் என்றாளே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவள் நஸீமா ஸ்கூலுக்கு நடந்துதான் போனாள். இது பச்சைப் பொய். அவள் நிறுத்தவே இல்லை. எதிர்ப்பக்கம் இரண்டு வண்டிக்கு இடம் இருந்தது, பார்த்துத்தான் விட்டாள். என்னிடம் கற்ற நாலாயிரம் பேரில் நாலு பேர் அந்தக் கட்டத்தில் அப்படிப் பார்த்து நுழைவார்களா? சந்தேகம்தான். அவள் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. எடுக்கவே இல்லை. எனக்குத் தெரியாதா? வண்டி முன்னால் இழுத்துக்கொண்டே இருந்தது, அந்த இழுப்பு என் உள்ளங்காலில் வந்து முட்டியது, முட்டி முட்டித்தான் கடைசியில் ஆஃப் ஆனது...

ஆமாம்.

மிதித்துப் பிடித்திருந்தால்தான் அது காலில் தெரியும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் நீங்கள், உங்களுக்கே தெரிகிறது.

இல்லை, நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

கவுண்டரில் நான் சத்தம் போட்டேன். உங்களுக்கும் கேட்டிருக்கும். இது பொய், அவள் நிறுத்தவில்லை, கேஸைத் திரும்ப எடு என்று. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு இந்தப் படிவத்தைக் கொடுத்தது. "திரும்ப எடுக்கலாம் சார். அவங்க நிறுத்தலன்னா யார் நிறுத்துனதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவங்க பேர எடுத்துட்டு உங்க பேர்ல மாத்திருவோம். ஒண்ணரைக்குள்ள குடுங்க, அப்புறம் சாப்பாட்டுக்குப் போயிருவோம்." மணி என்ன? ஒன்று பத்தா?

உங்களிடம் பேனா இருக்கிறதல்லவா? நீங்களே எழுதுங்கள். எனக்கு இந்தப் பொடி எழுத்து இன்னும் ஓடுகிறது. வண்டி நம்பர் போட்டாயிற்றா? தேதி மேலேயே இருக்கிறது. சரி, எழுதுங்கள். 'மேற்படி தேதியில் வண்டியை ஓட்டிய திருமதி சாந்தாமணி கட்டத்துக்குள் வண்டியை நிறுத்தவில்லை.' முற்றுப்புள்ளி. போதும். அதற்கு மேல் என்ன?

கேட்டிருக்கிறார்களா? எங்கே? 'நிறுத்தியவர்.' ஓ.

'இடப்பக்கம் இருந்தவரின் கால் பிரேக்கில் பட்டுவிட்டது' என்று எழுதுங்கள். யார் என்று கேட்க மாட்டார்கள், போட்டோ இருக்கிறதே. ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்? பெயர் வேண்டுமா? சரி. 'சென்னியப்பன் ஆகிய என் கால் பட்டுவிட்டது.' பட்டால் வண்டி நிற்காது என்பீர்கள். நிற்காதுதான். நானே நாலாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பட்டால் நிற்காது. 'வைத்திருந்தேன்.' வைத்திருந்தேன் என்றால் போதாதா? பழக்கத்தில் வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்று அடைப்பில் போடலாமா?

என்ன மேடம், நீங்களும் அவளை மாதிரியே பார்க்கிறீர்கள்.

அடியுங்கள் அதை. 'மிதித்தேன்.' எழுதிவிட்டீர்களா? காட்டுங்கள். இவ்வளவு பெரிதாகவா எழுதுவது? இருக்கட்டும். கையெழுத்து இங்கேதானே?

ஏன் மிதித்தேன் என்று எழுத எங்கேயாவது இடம் விட்டிருக்கிறார்களா? கீழே பாருங்கள். பின்பக்கமும் பாருங்கள். இல்லையா? அப்படியென்றால் அதை அவள்தான் கேட்க வேண்டும். அவளோ கேட்க ஒன்றுமில்லை என்று இங்கேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.